ஒரு சாண் கத்தி

ஸ்வீடனின் வடமேற்கே, நார்வே எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைநாடு யெம்ட்லாந்து. ஆகஸ்ட் 25ஆம் தேதி அங்குள்ள மலைகளில் ரீப்பா வேட்டைப் பருவம் தொடங்கும். ரீப்பா, நம்மூர்க் கவுதாரிக்கு வடதுருவத்துப் பங்காளி. கோடையில் பழுப்பு, பனிக்காலத்தில் வெள்ளை என்று இறகை மாற்றிக்கொள்ளும். எடை அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே மலைகளின் ஏரிகளில் ட்ரவுட் மீனும் அதன் உறவான ஆர்க்டிக் சாரும் உண்டு. அதனால் துப்பாக்கியோடு கிளம்புகிறவர் முதுகுப்பையில் தூண்டிலையும் செருகிக்கொள்ளலாம். அதிர்ஷ்டம் இருந்தால், பொழுது சாயும்போது ஒரே பாறையின்மேல் இரண்டு பறவையும் மூன்று மீனும் கிடக்கும். அடுப்படி பல மணி நேர நடைக்கு அப்பால். இடுப்பில் இருப்பதோ ஒரே ஒரு கத்தி.

அந்தக் கத்தி எப்படி இருக்க வேண்டும்? பேச்செடுத்தாலே பலரும் முதலில் கேட்பது "என்ன எஃகு?" என்றுதான். நான் அதைப் பின்னால் தள்ளுவேன். எதை அறுக்கப் போகிறோம் என்பது முதல் கேள்வி. எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு என்பவை அடுத்து வரும். எஃகு அதற்கும் பிறகு. எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்க மறப்பது அதைத்தான்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் கவுதாரியையும் காடையையும் வேட்டையாடுவது குற்றம். ஆகவே இது வேட்டைக்கு அழைப்பு அல்ல. ஆனால் யெம்ட்லாந்தின் பாறைமேல் செல்லுபடியாகும் இயற்பியல்தான் நம் வீட்டு மீன் கத்திக்கும் செல்லுபடியாகும்.

வேலை எவ்வளவு சின்னது

மானை உரிப்பவருக்கு வேண்டிய கத்தி வேறு. பறவைக்கும் மீனுக்கும் வேண்டியது வேறு. பறவையின் தோல் மெல்லியது. எலும்புகள் பலவற்றின் உள்ளே காற்று, சுவர் மெல்லிசு. அந்த எலும்பை வெட்டினால் அது துண்டாகாது, சில்லாக நொறுங்கிக் கறிக்குள் குத்திக்கொள்ளும். எனவே கத்தி எலும்பைத் தொடவே கூடாது. மூட்டைத் தேடிப்போய், இரு எலும்புகளுக்கு நடுவே உள்ள நாரை மட்டும் அறுக்க வேண்டும். நெஞ்சுக்கறியை எடுக்கும்போதும் அப்படித்தான். பறவையின் மார்பெலும்பு நடுவில் படகின் அடிக்கட்டைபோலத் துருத்தி நிற்கும். பறக்கும் தசை முழுவதும் அதன் இருபுறமும் ஒட்டியிருக்கிறது. அந்த வரம்பை உரசியபடி கத்தி இறங்கி, முன்னால் கவட்டெலும்பின் வளைவில் திரும்ப வேண்டும். அகலமான அலகு இந்த வளைவில் திரும்பாது, குறுகலானது திரும்பும்.

மீனில் வேலை இன்னும் நுட்பம். ட்ரவுட்டின் செதில் மிகப் பொடி. நம் கெண்டைக்குச் செய்வதுபோலச் சுரண்டத் தேவையில்லை. கழிவுத் துளையில் கத்தி முனையை நுழைத்து, வாயை மேல்நோக்கித் திருப்பி, செவுள்வரை ஒரே கோடாகக் கிழிக்க வேண்டும். முனை ஆழமாகப் போனால் குடல் கிழியும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பை உடைந்தால் கறி கசக்கும். குடலை இழுத்தபின் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். அது மீனின் சிறுநீரகம். அதை விட்டுவைத்தால் மீன் சீக்கிரம் கெடும். கட்டை விரல் நகத்தாலோ கத்தியின் முனையாலோ வழித்தெடுத்துவிடுவார்கள்.

அமெரிக்கர்கள் இத்தகைய சிறு கத்திக்கு "பறவை–ட்ரவுட் கத்தி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு உயிர்களையும் ஒரே பெயரில் சேர்த்தது தற்செயல் இல்லை. மெல்லிய தோல், சிறு எலும்பு, சட்டென்று கிழியும் குடல் என்று இரண்டும் கேட்கும் பக்குவம் ஒன்றே.

நீளம்: ஒரு கோணக் கணக்கு

இந்த வகைக் கத்திகளின் அலகு பெரும்பாலும் 7 முதல் 10 சென்டிமீட்டர். பின்லாந்தின் மரபுக் கத்தியான பூக்கோவும் ஏறத்தாழ உள்ளங்கை அகலம்தான். பிடியோடு சேர்த்தால் ஒரு சாண். காரணம் கையில் இருக்கிறது. எவ்வளவு தேர்ந்த கையும் கொஞ்சம் ஆடும். மணிக்கட்டு 1 டிகிரி பிசகினால் 8 சென்டிமீட்டர் அலகின் முனை 1.4 மில்லிமீட்டர் விலகும். அலகு 20 சென்டிமீட்டராக இருந்தால் விலகல் 3.5 மில்லிமீட்டர். பித்தப்பைக்கும் கத்திக்கும் நடுவே இருக்கும் இடம் அதைவிடக் குறைவு. மேலும், சிறு கத்தியில் ஆள்காட்டி விரலை முதுகின்மேல் நீட்டினால் அது முனையின் அருகே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத வயிற்றின் உட்புறத்தில், விரல் போகிற இடத்துக்குக் கத்தியும் போகிறது.

1884இல் "உட்கிராஃப்ட்" என்ற நூலை எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், "நெஸ்மக்" என்ற புனைபெயரில் எழுதி, அமெரிக்கக் காடுகளைச் சுற்றியவர். சுமையைக் குறைப்பதில் பைத்தியம். ஐந்து கிலோவைக்கூட எட்டாத படகு ஒன்றைச் செய்வித்துத் தனியே துடுப்புப் போட்டவர். அவர் காலத்துக் கடைகளில் வேட்டைக்கத்தி என்று விற்ற தடித்த ஆயுதங்கள் அவருக்கு வேடிக்கையாக இருந்தன. கோடாரி செய்ய வேண்டியதைக் கோடாரி செய்யட்டும், கத்தி மெல்லியதாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. இன்றும் 5 மில்லிமீட்டர் தடிப்பில் "எதையும் தாங்கும்" கத்திகள் விற்கின்றன. தாங்கும், மீனை மட்டும் சரியாக அறுக்காது.

வாயும் முதுகும்

அறுப்பது என்றால் என்ன? விசையை மிகச் சிறிய பரப்பில் குவிப்பது. ஒரு கிலோ எடை அழுத்தும் அளவு விசையை, 5 சென்டிமீட்டர் நீளம் தொட்டிருக்கும் கத்தி வாயில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நன்றாகச் சாணை பிடித்த வாயின் அகலம் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது அழுத்தம் ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,000 மடங்கு. வாய் மழுங்கி 10 மைக்ரான் ஆனால், அதே அழுத்தத்தைப் பெறப் பத்து கிலோ அழுத்த வேண்டும். வழுக்கும் மீனின்மேல் பத்து கிலோவை வைத்து அழுத்தும் கைதான் கடைசியில் தன் விரலையே அறுத்துக்கொள்கிறது. மொட்டைக் கத்தி ஆபத்து என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இது.

அழுத்துவது பாதி, இழுப்பது மீதி. தக்காளியின்மேல் கத்தியை அழுத்தினால் அது நசுங்கும். லேசாக இழுத்தால் தோல் திறந்துகொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பின் ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவனும் அவரது சகாக்களும் 2012இல் இதைக் கடற்பாசிக் கூழில் கம்பியை ஓட்டிச் சோதித்தார்கள். கம்பி நேராக இறங்கும்போது கூழ் முழுவதும் அமுங்கி, பெரிய விசைக்குப் பிறகே பிளந்தது. பக்கவாட்டிலும் நகர்த்தியபோது, மேற்பரப்பில் உராய்வு இழுத்த இடத்திலேயே வெடிப்பு பிறந்தது. தேவையான விசை வெகுவாகக் குறைந்தது. மென்மையான சதைக்குக் கத்தியின் வயிற்றுப் பக்கம் சற்று வளைந்திருப்பது ஏன் நல்லது என்பதற்கு இதில் விடை உண்டு. வளைந்த வாய், கை நேராக இழுத்தாலும் சதையைச் சாய்வாகவே சந்திக்கிறது.

வாய் நுழைந்தபின் வேலை முதுகிடம் போகிறது. பின்னால் வரும் தடிப்பு சதையை இருபுறமும் விலக்கித்தானே நுழைய வேண்டும்? பறவைக்கும் மீனுக்கும் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் முதுகு போதும். ஸ்வீடனின் மூரா ஊரில் செய்யப்படும், தச்சர் முதல் மீனவர் வரை இடுப்பில் செருகும் மலிவான "கம்பேனியன்" கத்திக்கு அலகு 104 மில்லிமீட்டர், தடிப்பு 2.5 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டரைவிட மெலிந்தால் கத்தி வளையும். வளைவது நல்லதா கெட்டதா என்பது வேலையைப் பொறுத்தது. மீன் சதையை முள்ளிலிருந்து உரித்தெடுக்கும் நீண்ட கத்தி, முதுகெலும்பின்மேல் படிந்து வளைந்தபடி போக வேண்டும். மூட்டுக்குள் நுழையும் கத்தியோ நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இங்கே ஒரு பரவலான தவறு. "நல்ல எஃகு வளையும்" என்பார்கள். எஃகின் விறைப்பைக் குறிக்கும் எண் எல்லா எஃகுக்கும் கிட்டத்தட்ட 200 கிகாபாஸ்கல்தான். மலிவானதும் விலையுயர்ந்ததும் அதில் ஒன்றே. பதம் போட்டுக் கடினமாக்கினாலும் அது அநேகமாக மாறாது. மாறுவது வடிவம். தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது: தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. 3 மில்லிமீட்டர் கத்தி நிமிர்ந்து நிற்பதும் 1.5 மில்லிமீட்டர் கத்தி நாணல்போல வளைவதும் இந்த எட்டு மடங்கினால். நல்ல பதம் செய்வது வேறொரு காரியம்: வளைந்த கத்தி வளைந்தபடியே நின்றுவிடாமல் திரும்ப நிமிர்வது.

எஃகு, ஒருவழியாக

கத்தி ஏன் மழுங்குகிறது? தன்னைவிடப் பலமடங்கு மென்மையான கறியை அறுத்தா? 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், சவர அலகின்மேல் முடி செய்யும் வேலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி அந்த எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனால் முடி சாய்ந்து வந்து, வாயின் நுண்ணிய பிசிறு ஒன்றில் மோதி, அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பும் சீராக இல்லாமல் போனால், விளிம்பிலிருந்து சிறு சில்லு பெயர்கிறது. மெதுவான தேய்மானம் மட்டுமே கத்தியை மழுக்குவதில்லை. இப்படிச் சில்லு சில்லாகவும் அது மழுங்குகிறது.

பறவையில் இதைவிடப் பொல்லாத எதிரி உண்டு. ரீப்பாவின் அரைவைப் பையில் அது விழுங்கிய பொடிக்கற்கள் இருக்கும். பல்லில்லாத பறவைக்கு அவைதான் பல். அவற்றில் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம், விக்கர்ஸ் அளவில் 1,100ஐத் தாண்டும். நல்ல கத்தி எஃகு 650 அளவில்தான் நிற்கிறது. அரைவைப் பையைப் பிளக்கும்போது கத்தி ஒரு கல்லை உரசினால் போதும், காலையில் பிடித்த சாணை காணாமல் போகும்.

துருவின் கதையும் இதே மைக்ரானில்தான் நடக்கிறது. கண்ணுக்குக் கறை தெரிவதற்கு முன்பே, ஒரு மைக்ரான் வாயை இரத்தத்தின் உப்பும் ஈரமும் தின்றிருக்கும். இதற்கு விடை குரோமியம். அந்த விடையின் தொடக்கத்தில் நம் ஊரும் கொஞ்சம் இருக்கிறது. கொடுமணல் முதலிய இடங்களில் மூசையில் உருக்கிச் செய்யப்பட்ட தென்னிந்திய எஃகு, ஐரோப்பாவில் "வூட்ஸ்" என்ற பெயரில் பிரமிப்பாகப் பேசப்பட்டது. அந்தப் பெயரைத் தமிழின் "உருக்கு", கன்னடத்தின் "உக்கு" ஆகிய சொற்களோடு இணைப்பார்கள். அதன் மர்மத்தைப் பிடிக்க, லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இரும்போடு ஒவ்வோர் உலோகமாகக் கலந்து பார்த்தார்கள். 1820, 1822 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். கலந்தவற்றுள் குரோமியமும் ஒன்று. அந்த ஆய்வைத் தொடர்ந்து பிரான்சில் பியர் பெர்த்தியே 1821இல், குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்று கண்டு, கத்திக்கு ஆகுமே என்று எழுதிவைத்தார். ஆனால் அவர் கலவையில் கரிமம் மிகுதி. அது உடையும் தன்மையோடு இருந்தது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிமானத்துக்கு மருந்து தேடியபோது, 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் கரிமமும் உள்ள வார்ப்பை எடுத்தார். துப்பாக்கிக்குத் தேடியது கத்திக்கு வந்து சேர்ந்தது. ஊர்க் கத்தித் தொழிலாளர்களோ, "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று முதலில் அவரைக் கேலி பேசினார்களாம்.

கேலியில் நியாயம் இருந்தது. கடினத்துக்குக் கரிமம் வேண்டும். துரு எதிர்ப்புக்குக் குரோமியம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கார்பைடு துகள்களாகிவிடும். துகளுக்குள் சிறைப்பட்ட குரோமியம் துருவைத் தடுக்காது. எஃகில் கரைந்து, மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் விரிக்கும் குரோமியமே காவல். டி2 என்ற எஃகில் 12 சதவீதக் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பதற்குக் காரணம், அதில் உள்ள 1.5 சதவீதக் கரிமம் குரோமியத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதுதான். விழுங்கியதில் உருவாகும் துகள்கள் பத்துப் பதினைந்து மைக்ரான்வரையும் அதற்கு மேலும் இருக்கும். ஒரு மைக்ரான் வாயில் அவ்வளவு பெரிய பரல் நின்றால், மெல்லிய கோணத்தில் சாணை பிடிக்கும்போதே பெயர்ந்து பள்ளமாகும்.

ஸ்வீடனின் சாண்ட்விக் ஆலையில் உருவான 12சி27 இந்த வம்பை நேர்த்தியாகத் தீர்த்தது. கரிமம் 0.6, குரோமியம் 13.5 சதவீதம், துகள்கள் பொடி, வாய் மெல்லியதாக நிற்கும். உலகின் சவர அலகுகள் பலவும் இந்தக் குடும்பத்து எஃகுதான். இதைவிட நெடுநாள் கூர் நிற்க வேண்டுமானால், வனேடியம் கலந்து உருக்கிய எஃகைத் தூளாகத் தெளித்து, அழுத்திச் சேர்த்துச் செய்யும் எஃகுகள் உண்டு. உப்புநீர்க்காரருக்கு, கரிமத்தின் இடத்தில் நைட்ரஜனை ஏற்றிய எஃகு உண்டு. ஸ்வீடனின் உட்டேஹோல்ம் நிறுவனத்தின் வனாக்ஸ் அப்படிப்பட்டது. கடலில் மீன்பிடிப்பவருக்கு அது கொடுத்த காசுக்குத் தகும். மலை ஏரியின் நன்னீரில் 12சி27 போதும். துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் சாதாரணக் கரிம எஃகும் போதும்.

பிடியும் உறையும்

மீன் கோழையும் பறவைக் கொழுப்பும் பட்ட கையில் பிடி வழுக்கக் கூடாது. வழவழவென்று மெருகேற்றிய பிடி கடைக் கண்ணாடிக்குள் அழகு, ஏரிக்கரையில் தொல்லை. வடநாட்டார் மரச்சட்டங்களோடு பிர்ச் பட்டையையும் அடுக்கி அழுத்திப் பிடி செய்வதுண்டு. அந்தப் பட்டை இயல்பாகவே நீரை விலக்கும். நனைந்தாலும் கையில் ஒட்டியது போல நிற்கும். குளிருக்கும் அதுவே மருந்து. மரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக எஃகு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அலகின் வால்பகுதி பிடியின் இருபுறமும் வெளியே தெரியும் கத்தி, உறைபனியில் விரலின் சூட்டை உறிஞ்சும். பூக்கோவில் அந்த வால் மரத்துக்குள் மறைந்திருக்கும்.

நம் மீன் சந்தையில் இந்தச் சிக்கலைத் தலைகீழாக அவிழ்த்திருக்கிறார்கள். அரிவாள்மனையில் கத்தி அசைவதில்லை. காலடியில் ஊன்றி நிற்கிறது. வழுக்குவது கத்திப்பிடி அல்ல, மீன்தான்; அதைப் பிடிக்க இரண்டு கையும் ஓய்வாக இருக்கிறது. மீனை வாயோடு சேர்த்து இழுப்பதால், மகாதேவன் கூழில் கண்ட அதே பக்கவாட்டு நகர்வும் தானாகவே வந்துவிடுகிறது. ஒரே குறை, அதை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேற முடியாது.

மடக்குக்கத்தி ஏன் கூடாது என்பதும் இங்கேதான் விளங்கும். மடங்கும் கத்தியின் அச்சிலும் அலகு படுக்கும் பள்ளத்திலும் இரத்தமும் கொழுப்பும் இறகுத் தூளும் போய் அடையும். சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு அது வசதியான குடித்தனம். மடங்காக் கத்தியை ஓடும் நீரில் ஒருமுறை அலசித் துடைத்தால் முடிந்தது. உறையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். தோலுறை அழகு, ஆனால் ஈரத்தையும் உப்பையும் குடித்துவைத்து இரவெல்லாம் கத்திக்கு ஊட்டும். மீனுக்குப் போகும்போது, அடியில் நீர் வடியத் துளையுள்ள பிளாஸ்டிக் உறை புத்திசாலித்தனம்.

கடைசிக் கேள்வி

1991 செப்டம்பரில், இத்தாலி–ஆஸ்திரியா எல்லையின் பனிமலையில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள். ஊட்ஸி என்று பெயரிட்டார்கள். அவன் வைத்திருந்த கத்தியின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்: சிக்கிமுக்கிக் கல்லில் சிறு அலகு, ஆஷ் மரத்தில் பிடி, மரநாரில் பின்னிய உறை. நீளம், பிடி, உறை என்று நாம் இதுவரை பேசிய எல்லாவற்றையும் அவனும் யோசித்திருக்கிறான்.

அவன் பொருட்களில் இன்னொன்றும் இருந்தது. ஒரு குச்சி, அதன் நடுவே செருகிய மான்கொம்புத் துண்டு; பார்ப்பதற்குத் தடித்த பென்சில் மாதிரி. கல்லின் விளிம்பை அழுத்திப் பெயர்த்து மறுபடி கூராக்கும் கருவி அது. 2018இல் அவனுடைய கல்லாயுதங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அவை திரும்பத் திரும்பக் கூராக்கப்பட்டுத் தேய்ந்து, ஆயுள் முடியும் கட்டத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். புதுக் கல் கிடைக்காத நிலையில், இருப்பதைத் தீட்டித் தீட்டிக் காலம் ஓட்டியிருக்கிறான்.

வாங்குகிறவர் எல்லோரும் "எத்தனை நாள் கூர் நிற்கும்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, "மழுங்கினால் பாறைமேல் உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் மீட்க முடியும்?" என்பதை. வனேடியம் மிகுந்த எஃகு பல நாள் உழைக்கும்; ஆனால் அதன் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை, வைரத் தூள் இல்லாமல் சரியாக மசியாது. 12சி27ஓ கரிம எஃகோ சீக்கிரம் மழுங்கும். கையகலச் சாணைக்கல்லில், வாயை ஒட்டிய சரிவை அப்படியே படுக்கவைத்துப் பத்து இழுப்பு இழுத்தால் மறுபடி மைக்ரானுக்கு வந்துவிடும். வடநாட்டுக் கத்திகளின் சரிவு அகலமாக, தட்டையாக இருப்பது இதற்கு வசதி. கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை, கல்லே காட்டிக்கொடுக்கும்.

அதனால் என் கணக்கு இது: அலகு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர், முதுகு இரண்டரை மில்லிமீட்டருக்குள், குறுகல், வழுக்காத பிடி, கழுவ எளிது; எஃகு உங்கள் பையில் உள்ள கல்லுக்கு மசிவது. கத்திக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை எடுத்து அந்தக் கல்லை முதலில் வாங்குங்கள். ஊட்ஸியிடமும் கூராக்கும் கருவி இருந்தது.